நித்தியகல்யாணி: இலையை அவித்துக் குடிக்கலாமா?

லயத்து முற்றத்திலும் கோயிலடியிலும் ரோசா நிறத்திலோ வெள்ளையாகவோ ஐந்து இதழோடு பூத்து நிற்கும் சின்னச் செடியை எல்லோருக்கும் தெரியும். நித்தியகல்யாணி என்போம், பட்டிப்பூ என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் மினிமல். வருடம் முழுக்கப் பூப்பதால்தான் இந்தப் பெயர். இதன் சொந்த இடம் மடகஸ்கார் தீவு.

இந்தச் செடியில் புற்றுநோய்க்கு மருந்து இருப்பது உண்மைதான். ஜமெய்க்கா தீவுச் சனங்கள் சீனி வருத்தத்துக்கு இதன் இலையை அவித்துக் குடித்து வந்தார்கள். அதைக் கேள்விப்பட்ட கனடா நாட்டு டொக்டர் ரொபர்ட் நோபிள், இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீனி இறங்கவில்லை. ஆனால் ஊசியாக ஏற்றியபோது இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துபோயின. இரத்தப் புற்றுநோயில் கட்டுமீறிப் பெருகுவதும் வெள்ளை அணுக்கள்தானே! இந்த வழியில் போய்த்தான் அவரும் சார்ள்ஸ் பியர் என்பவரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைக் கண்டார்கள். பின்பு வின்கிறிஸ்டின் வந்தது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் நாமும் இலையை அவித்துக் குடிக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். கொழுந்து நிறுத்துப் பழகிய நமக்கு அந்தக் கணக்கு விளங்கும். அந்த மருந்தையும் டொக்டர்மார் இரத்தத்தைச் சோதித்து, அளவு பார்த்து, நரம்பில்தான் ஏற்றுவார்கள். கஷாயத்தில் என்ன அளவு இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? இலையில் மருந்தோடு விஷச்சத்துகளும் உண்டு. வாந்தி வரலாம், கை கால் விறைக்கலாம், நோயை எதிர்க்கும் சக்தி குறையலாம். கர்ப்பிணித் தாய்மார் தொடவே கூடாது; வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. ஆடு மாடுகளுக்கும் தழையோடு வெட்டிப் போட வேண்டாம்.

இன்னொரு பெரிய ஆபத்து, இலையை நம்பி கிளினிக் குளிசையை நிறுத்துவது. சீனி ஏறினால் கண்ணும் சிறுநீரகமும் பழுதாகும். மலையில் கொழுந்தெடுக்கும்போது காலில் பட்ட சின்னக் காயமும் ஆறாமல் புண்ணாகி, காலையே எடுக்க நேரலாம்.

ஆகவே குளிசையை ஒழுங்காகப் போடுங்கள். ஏற்கெனவே இலை குடிப்பவர்கள் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் ஏச மாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் இலையைத் தின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. பூ சாமிக்கு ஆகட்டும். மருந்தை டொக்டர் தரட்டும்.