கேள்வி கேட்கும் பிள்ளைக்கு ஓர் அலமாரி

குழந்தைகளுக்கான புத்தகம் என்றவுடன் பெரும்பாலான பெற்றோரின் நினைவுக்கு வருபவை கதைப் புத்தகங்களே. கதையல்லாத புத்தகம் என்றால் அது தேர்வுக்கு உதவும் கைடாகவோ, ‘பொது அறிவு’ என்ற பெயரில் தலைநகரங்களையும் நாணயங்களையும் அடுக்கித் தரும் வினா விடைத் தொகுப்பாகவோதான் இருக்கும் என்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர். ஆனால் உலகில் உண்மையாகவே உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு, நல்ல கதைக்குரிய விறுவிறுப்போடு அதனைச் சொல்லிச் செல்லும் நூல்வகை ஒன்று உண்டு. புனையப்படாத எழுத்து என்னும் பொருளில் அதனை அபுனைவு என்று இன்றைய பதிப்புலகம் அழைக்கிறது. பெரியவர்களின் அபுனைவில் வாழ்க்கை வரலாறும் அரசியலும் பயணக் குறிப்பும் மிகுந்திருக்க, குழந்தைகளுக்கான அபுனைவு ஏன், எப்படி என்னும் கேள்விகளிலிருந்தே பெரும்பாலும் பிறக்கிறது. பள்ளிக்கூடம் கேட்கும் கேள்விக்கு விடை தருவது பாடநூல். பிள்ளை தானே கேட்கும் கேள்விக்கு விடை தருவது அறிவு நூல். இந்த வேறுபாடு மறக்கப்பட்டதால்தான் ஊர்ப்புற நூலகங்களின் குழந்தைகள் பகுதி, ஒருபுறம் நீதிக்கதைகளாலும் மறுபுறம் தேர்வு நூல்களாலும் நிரம்பி, நடுவில் வெறுமையாக நிற்கிறது.

அந்த வெறுமையை உணர விழிதியூர் போன்ற ஓர் ஊரை எண்ணிப் பார்த்தால் போதும். தமிழ்நாடும் வங்கக் கடலும் நான்கு பக்கமும் சூழ்ந்த காரைக்கால் மாவட்டத்தின் நிரவி கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த இச்சிற்றூர், ஆட்சியால் புதுச்சேரியோடும் மண்ணால் காவிரி டெல்டாவோடும் சேர்ந்தது. இங்கு வளரும் பிள்ளைக்குக் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. கோடையில் மணலாகக் கிடக்கும் ஆற்றில் மேட்டூர் அணை திறந்த பின் தண்ணீர் வந்து சேர்வதை அப்பிள்ளை காண்கிறது. நிரவியிலேயே எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகைக்கான அலுவலகம் இயங்குவதையும், அக்கம்பக்கத்து வயல்களின் அடியிலிருந்து எண்ணெய் எடுக்கப்படுவதையும் அறிந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் சுனாமியாக ஊருக்குள் வந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறது. நெல் விளையும் மண்ணுக்குக் கீழே எண்ணெய் எப்படி வந்தது, சுமத்ரா அருகே நிலம் அசைந்தால் காரைக்காலில் கடல் ஏன் எழ வேண்டும், ஆற்றின் நீரை எங்கோ ஒரு கதவு எப்படித் தீர்மானிக்கிறது என்பன போன்ற கேள்விகளுக்கு அப்பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், அதன் மொழியில், படத்துடன் விடை சொல்லும் நூல் இருந்தாக வேண்டும்.

சுவையான அறிவு நூல் எவ்வாறு அமையக்கூடும் என்பதற்கு இவ்வட்டாரத்து மக்கள் நன்கறிந்த மண்ணுளிப் பாம்பையே சான்றாகக் கொள்ளலாம். இதற்கு இரண்டு தலைகள் உண்டு என்றும் ஆறு மாதத்துக்கு ஒரு தலை வேலை செய்யும் என்றும் ஊர்களில் சொல்லப்படுவது வழக்கம். சலிப்பூட்டும் நூல் ஒன்று இதனை ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடும். நல்ல நூலோ அந்த நம்பிக்கையையே வாசலாகக் கொண்டு உள்ளே நுழையும். அப்பாம்பின் வால் கூராக முடியாமல் தலையைப் போலவே மழுங்கி இருப்பதையும், ஆபத்து நேரும்போது அது தலையை உடலுக்கடியில் மறைத்து வாலை முன்னே காட்டுவதையும், எதிரி வாலைத் தாக்கும் அந்த ஒரு கணத்தில் தலை தப்பிவிடுவதையும் அந்நூல் படிப்படியாக விளக்கும். அது நஞ்சற்றது, எலியைத் தின்று உழவருக்கு உதவுவது, முட்டையிடாமல் குட்டி போடுவது என்னும் செய்திகள் அடுத்தடுத்து வரும்போது வாசிக்கும் பிள்ளையின் வியப்பு குறைவதில்லை, கூடுகிறது.

கதை அத்துடன் முடிவதுமில்லை. இப்பாம்பின் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானியை. அதிலுள்ள ‘ஜான்’, காரைக்காலுக்குச் சற்று வடக்கே உள்ள தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதனையடுத்த சில ஆண்டுகளிலும் பணியாற்றிய கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்னும் ஜெர்மானிய மதகுருவைக் குறிக்கிறது. சமயப் பணிக்கிடையே இக்கடற்கரையின் மீன்களையும் ஊர்வனவற்றையும் சேகரித்த அவர், பெர்லினில் இருந்த மார்க்கஸ் பிளாக் என்னும் மீனியல் அறிஞருக்கு மீன்களை அனுப்பிவந்தார். பிளாக் ஒரு மீனுக்கு ஜானின் பெயரை இட்டார். பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர் 1801இல் மண்ணுளிப் பாம்புக்கு அதே பெயரை இட்டார். உலகெங்கும் உள்ள விலங்கியல் நூல்களில் இடம்பெறும் பெயர் ஒன்று தங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் வாழ்ந்த ஒருவரைச் சுட்டுகிறது என்பதை அறியும் பிள்ளைக்கு, அறிவியல் என்பது வேறெங்கோ வேறு யாரோ செய்வது என்னும் எண்ணம் அங்கேயே தளரத் தொடங்கும்.

இத்தகைய எழுத்து தமிழுக்குப் புதிதன்று. பெருங்குளத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் பெ.நா. அப்புசாமி (1891–1986) 1917ஆம் ஆண்டிலேயே தமிழில் அறிவியல் கட்டுரை எழுதத் தொடங்கி, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்பணியைத் தொடர்ந்தார். ‘மின்சாரத்தின் கதை’, ‘அணுவின் கதை’ என்று அவர் தம் நூல்களுக்குப் பெயரிட்டதிலிருந்தே, வறண்டதாகக் கருதப்பட்ட பொருளையும் கதையாகச் சொல்ல முடியும் என்பதில் அவருக்கிருந்த உறுதி விளங்கும். பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை வெளியிட்டது. அம்மாபெரும் பணி முடிந்த கையோடு அவர் ஓய்வு கொள்ளாமல், குழந்தைகளுக்கென்றே மற்றொரு கலைக்களஞ்சியத்தைத் தொடங்கி, 1976க்குள் அதனையும் பத்துத் தொகுதிகளாக நிறைவு செய்தார். உலகின் பல பொருள்களையும் அகர வரிசையில் அடுக்கி, படங்களுடன் விளக்கும் நூல் கலைக்களஞ்சியம் எனப்படும். பெரியவர்களுக்கானதைச் சுருக்கித் தந்துவிடாமல், பிள்ளைகளுக்கென ஒன்றைத் தனியே ஆக்க வேண்டும் என்று முடிவு செய்ததில்தான் தூரனின் பெருமை இருக்கிறது.

வெளியிலிருந்து வந்த நூல்களுள் தமிழ்ச் சிறுவர் மனத்தில் நெடுநாள் தங்கியவை சோவியத் நாட்டில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியே மலிவு விலையில் கிடைத்த மொழிபெயர்ப்புகள் ஆகும். யாக்கவ் பெரெல்மான் ரஷ்ய மொழியில் 1913இல் வெளியிட்ட ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ அவற்றுள் தலையாயது. நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, பாதங்களை முழங்காலுக்கு நேர் கீழே வைத்து அமர்ந்துகொண்டு, உடலை முன்னே சாய்க்காமலும் பாதங்களைப் பின்னே இழுக்காமலும் எழ முயன்றால் எவராலும் எழ முடியாது என்பதைக் காட்டி, அதிலிருந்து ஈர்ப்பு மையத்தை, அதாவது ஒரு பொருளின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளப்படும் புள்ளியை, அந்நூல் விளக்குகிறது. சோதனைச்சாலை வேண்டாம், கருவி வேண்டாம். பள்ளி பெஞ்சே போதும். வாசித்த பிள்ளை அடுத்த நிமிடமே வீட்டிலுள்ள அனைவரையும் உட்காரவைத்து எழச் சொல்லும் என்பதில் ஐயமில்லை. சிறந்த அறிவு நூல் ஒன்றின் தகுதியை அளக்க இதைவிட நல்ல உரைகல் இல்லை.

புதுச்சேரிப் பகுதிக்கு நெருக்கமான முயற்சி ‘துளிர்’ ஆகும். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் புதுவை அறிவியல் இயக்கமும் இணைந்து 1987இல் தொடங்கிய இச்சிறுவர் அறிவியல் மாத இதழ், ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் ஊதியம் கருதாமல் எழுதுவதால் நிற்பது. குப்பையிலிருந்து பொம்மை செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் நூல்களும், 2014இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது பெற்ற ஆயிஷா இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ நூலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆகவே நூல்கள் இல்லை என்பதைவிட, அவை பிள்ளையைச் சென்றடையும் வழி அடைபட்டிருக்கிறது என்பதே உண்மை. அவ்வழியைத் திறக்கும் முறையை உலகுக்குச் சொன்னவரோ இதே டெல்டாவின் மகன். 1892இல் சீர்காழியில் பிறந்து, கணிதப் பேராசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல்கள் பூட்டிவைப்பதற்காக அன்றிப் பயன்படுத்துவதற்காகவே உள்ளன, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் ஒருவர் உண்டு என்பன அவற்றுள் முதல் மூன்றின் சாரம். அவ்வாண்டு அக்டோபரில் மன்னார்குடியில், பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை உருவாக்கிய மாட்டுவண்டி நூலகத்தை அவர் தொடங்கிவைத்தார். வாசகர் நூலகத்தைத் தேடி வர இயலாதபோது நூலகம் வாசகரைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றது. சிறுவர்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய செய்தி ஒன்றும் அவர் வாழ்வில் உண்டு. லண்டன் கடையொன்றில் சில துண்டுகளையும் திருகாணிகளையும் கொண்டு பலவகைப் பொம்மைகளைப் பூட்டிக்காட்டும் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கண்டதே, பொருள்களின் கூறுகளைச் சேர்த்து நூலுக்கு எண்ணிடும் கோலன் பகுப்புமுறைக்குத் தூண்டுதலாயிற்று என்பது அவரே கூறியது. அம்முறை 1933இல் நூலாக வெளிவந்தது. பகுப்புமுறை என்பது நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதற்கான எண் ஒழுங்கு. பாம்பைத் தேடி வந்த பிள்ளை பக்கத்திலேயே ஆமையையும் முதலையையும் காணும்படி செய்வது அந்த எண்ணே.

இந்த முறையின் பயன் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால் அலமாரி திறந்திருக்க வேண்டும். அறிவு நூலை எந்தப் பிள்ளையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவதில்லை; அட்டைப்படத்தைக் கண்டு எடுத்து, நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைப் புரட்டி, ஒரு படத்தில் நின்று, அங்கிருந்து முன்னும் பின்னும் போய்த்தான் வாசிக்கிறது. கதையைப் போல முதல் பக்கத்திலிருந்து வாசித்தாக வேண்டிய கட்டாயம் இல்லாததால், எழுத்துக்கூட்டித் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளைக்கும் இவ்வகை நூல் துணிவு தருகிறது. கண்ணாடிக் கதவுக்குள் பூட்டப்பட்டு, நூல் கிழிந்தால் நூலகர் பணம் கட்ட நேருமோ என்ற அச்சத்துடன் காக்கப்படும் நூல் இந்தப் பயனைத் தராது. கிழிந்து நைந்த அறிவு நூல்தான் தன் வேலையைச் செய்த நூல் என்று கணக்கில் எழுதிக்கொள்ளும் நடைமுறை அரசு நூலகங்களில் வர வேண்டியது மிக அவசியம்.

நூலைத் தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டியவையும் சில உண்டு. திமிங்கலத்தின் அருகே ஒரு படகையோ ஒரு மனிதனையோ வரைந்து அளவைக் காட்டியிருக்கிறார்களா, படத்தின் உறுப்புகளுக்குப் பெயர் எழுதியிருக்கிறார்களா, ஒரு செய்தி எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதைச் சொல்லியிருக்கிறார்களா என்பவை முதன்மையானவை. கடைசிப் பக்கங்களில் பொருட்குறிப்பு, அதாவது எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் உள்ளது என்னும் அகர வரிசைப் பட்டியல், தமிழ்ச் சிறுவர் நூல்களில் அரிதாகவே காணப்படுகிறது. இருப்பினும் அது உள்ள நூலைக் கையாளும் பிள்ளை, தேடும் கலையைப் பத்து வயதிலேயே கற்றுக்கொள்கிறது.

பணம் இல்லாத நூலகத்துக்கும் இன்று வாய்ப்பு இருக்கிறது. குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் உள்ள தமிழ்ப் படநூல்களை, அறிவியலும் இயற்கையும் பற்றியவை உட்பட, இறக்கி அச்சிட்டுக்கொள்ளத் திறந்த உரிமம் அனுமதிக்கிறது. இரண்டும் பொதுவானவை என்பதால் விழிதியூர்ப் பிள்ளையின் கேள்விகள் சில அவற்றிலும் விடையின்றியே நிற்கும். ஜனவரி முதல் இக்கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைப் பற்றி, மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்னும் வியப்பான உண்மையைப் பற்றி, இவ்வூர்ப் பெயர்களோடு, இவ்வட்டார மீனவர்கள் பார்த்தவற்றோடு எழுதப்படும் முப்பத்திரண்டு பக்க நூல் ஒன்று தேவைப்படுகிறது. வயலுக்கு அடியில் உள்ள எண்ணெயைப் பற்றி நிரவியில் பணிபுரியும் பொறியாளர்களும், ஆற்று நீரைப் பற்றிப் பொதுப்பணித் துறையினரும், ஆமையைப் பற்றி மீனவர்களும் சொல்ல, பள்ளி ஆசிரியர்கள் அதனைப் பிள்ளைகளின் நடையில் எழுத முடியும். துளிர் இதழைத் தொடங்கியவர்களும் இவ்வாறு கூடி எழுதியவர்களே.