அசையாதவருக்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர்!

சாய்வு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இலையில் சோறு ஆறுகிறது. வீட்டுக்கார அம்மாள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். மனிதர் அசையவில்லை.

"பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருக்கிறாரே!" என்போம். கோபம் கொஞ்சம் கூடினால், "இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே!" என்போம்.

இங்கிலீஷ்காரர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல. நகராத பொருளுக்கும், நகராத மனிதருக்கும் அவர்கள் நிறையச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். சில சொற்கள் கேலி. சில சொற்கள் வசவு. சிலவோ, பெரிய பாராட்டு!

வேர் ஒன்றுதான்

லத்தீன் மொழியில் 'ஸ்டாரே' என்று ஒரு சொல் உண்டு. 'நிற்பது' என்பது அதன் பொருள். அதன் வழியில் பிறந்த ஆங்கிலச் சொற்கள் பல.

ரெயில் நிற்கும் இடம் 'ஸ்டேஷன்'. நின்றது நின்றபடி இருக்கும் சிலை 'ஸ்டாச்யூ'. தமிழிலும் இதே கதைதான். 'நில்' என்பதில் இருந்துதான் 'நிலையம்' வந்தது.

சொன்ன சொல் மாறாத நல்லவரை ஆங்கிலத்தில் 'கான்ஸ்டன்ட்' என்பார்கள். யார் சொன்னாலும் கேட்காத பிடிவாதக்காரரை 'ஆப்ஸ்டினேட்' என்பார்கள். இரண்டும் அதே வேரில் முளைத்தவை. இருவருமே இருந்த இடத்தில் நிற்பவர்கள்தான். ஒருவருக்கு மாலை. மற்றவருக்குத் திட்டு!

கடை போட்டவர்

'ஸ்டேஷனரி' என்ற சொல் பள்ளிப் பிள்ளைகளைப் படாத பாடு படுத்தும். உச்சரிப்பு ஒன்று. சொற்கள் இரண்டு. ஒன்றுக்கு 'அசையாமல் நிற்கிற' என்று பொருள். மற்றொன்றுக்குக் காகிதம், பேனா முதலிய எழுதுபொருள்கள் என்று பொருள்.

இரண்டுக்கும் என்ன உறவு? இருக்கிறது!

பழைய ஐரோப்பாவில் வியாபாரிகள் பலர் மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராக அலைந்தார்கள். புத்தக வியாபாரிகள் சிலர் மட்டும் பல்கலைக்கழகங்களின் பக்கத்தில் கடை போட்டு ஒரே இடத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு 'ஸ்டேஷனர்' என்று பெயர். அதாவது, நகராத கடைக்காரர்! லண்டனில் இவர்கள் 1403-ம் ஆண்டிலேயே சங்கம் அமைத்தார்கள். 1557-ல் அதற்கு அரச சாசனமும் கிடைத்தது. அவர்கள் விற்ற பொருள்தான் பின்னாளில் 'ஸ்டேஷனரி' ஆயிற்று.

எழுத்துப் பிழை வராமல் இருக்க ஒரு வழி உண்டு. கடைசியில் இருந்து மூன்றாவது எழுத்தைப் பாருங்கள். எழுதுபொருள் என்றால் அங்கே 'ஈ' வரும். கடித உறையைக் குறிக்கும் 'என்வலப்' என்ற சொல்லும் 'ஈ' எழுத்தில்தான் தொடங்குகிறது. அசையாமல் நிற்பதானால், அங்கே 'ஏ' வரும்.

கழுதை மீது பழி

பிடிவாதக்காரரைக் 'கோவேறு கழுதை போன்றவர்' என்பது இங்கிலீஷ்காரர் வழக்கம். ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை.

பாவம், அதன் மேல் பழி! பயம் வந்தால் குதிரை பெரும்பாலும் ஓடும். கழுதை இனமோ அப்படியே நின்று விடும். முன்னால் பள்ளமா, பாம்பா என்று பார்க்கும். தனக்கு ஆபத்து என்று தோன்றினால், ஓர் அடி எடுத்து வைக்காது. அதற்கு அது ஜாக்கிரதை. சுமை ஏற்றியவனுக்கோ அது பிடிவாதம்!

டெலிவிஷன் முன்னால் நாள் முழுவதும் சாய்ந்து கிடப்பவருக்கு 'சோபா உருளைக்கிழங்கு' என்று ஒரு பெயர் உண்டு. இது 1970-களில் அமெரிக்காவில் பிறந்த கேலி. இந்தக் கேலியில் நியாயம் உண்டு. உட்கார்ந்தே இருப்பது உடம்புக்குக் கெடுதல் என்று டாக்டர்களும் சொல்கிறார்கள்.

நூறு ஆண்டில் மாறிய மதிப்பு

'டை-ஹார்ட்' என்று ஒரு சொல். 'எளிதில் சாகாதவர்' என்று பொருள்.

1811-ம் ஆண்டு மே 16-ந் தேதி. ஸ்பெயின் நாட்டில் அல்புவேரா என்ற இடத்தில் நெப்போலியனின் படையுடன் கடும் போர். இங்கிலாந்தின் 57-வது படைப்பிரிவு இடத்தை விட்டு நகரவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் செத்தும் காயம் அடைந்தும் விழுந்தார்கள். அன்று முதல் அந்தப் படைக்கு 'டை-ஹார்ட்ஸ்' என்பது பெருமைப் பட்டம்.

சரியாக 100 ஆண்டு கழிந்தது. 1911-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைக் குறைக்க ஒரு மசோதா வந்தது. கடைசி வரை அதை எதிர்த்த பிரபுக்களையும் 'டை-ஹார்ட்' என்றார்கள். இப்போது அது, காலம் மாறியது தெரியாதவர்கள் என்ற கேலி!

சொல் ஒன்று. மதிப்பு இரண்டு. எதற்காக நின்றார்கள் என்பதைப் பொறுத்தது அது.

எழுந்திருக்காத பெண்மணி

1955-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரம். பஸ்சில் முன் இருக்கைகள் வெள்ளையருக்கு, பின் இருக்கைகள் கறுப்பின மக்களுக்கு என்பது அன்றைய நடைமுறை.

ரோசா பார்க்ஸ் என்ற 42 வயதுப் பெண்மணி, தையல் வேலை முடிந்து வீடு திரும்பிக் கொண்டிருந்தார். ஒரு வெள்ளையர் உட்கார வேண்டும் என்பதற்காக, அந்த வரிசையில் இருந்த நால்வரையும் எழுந்திருக்கச் சொன்னார் டிரைவர். மூவர் எழுந்தனர். ரோசா எழவில்லை.

போலீஸ் கைது செய்தது. கோர்ட்டு 10 டாலர் அபராதமும், 4 டாலர் செலவுத்தொகையும் விதித்தது.

ஊர் கொதித்தது. கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்களில் ஏற மறுத்தார்கள். வேலைக்கு நடந்தே போனார்கள். வயதானவர்களும் நடந்தார்கள். இருக்கையில் பாகுபாடு காட்டுவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1956 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் பாகுபாடு ஒழிந்தது.

டிரைவரின் கண்ணுக்கு ரோசா ஒரு பிடிவாதக்காரி. உலகத்தின் கண்ணுக்கு அவர் உறுதியின் உருவம். அவர் செய்தது ஒன்றுதான். உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை!

காரணத்தைக் கேளுங்கள்

இனி, நம் சாய்வு நாற்காலி மனிதரிடம் வருவோம். அவர் அசையாமல் இருப்பது சோம்பலாலா? உடம்பு சரியில்லையா? மனதில் ஏதேனும் கவலையா?

பெயர் வைக்க ஒரு நொடி போதும். காரணம் கேட்கத்தான் பொறுமை வேண்டும். முதலில் பக்கத்தில் போய் என்ன என்று கேளுங்கள். வெறும் சோம்பல்தான் என்று தெரிந்தால், பிறகு தாராளமாகச் சொல்லலாம், இடித்த புளி என்று!