புது விமானம், பழைய கை

2015 பிப்ரவரி 4, தைபே. சோங்ஷான் விமான நிலையத்திலிருந்து கின்மென் தீவுக்கு 58 பேருடன் கிளம்பியது டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72-600. மேலேறும்போதே வலப்பக்க புரொப்பெல்லர், மின்னணுக் கோளாறால் தானாக 'ஃபெதர்' நிலைக்குப் போய்விட்டது. அந்த நிலையில் அதன் இதழ்கள் காற்றுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும், இழுவிசை கிடைக்காது. இடப்பக்க என்ஜின் நன்றாகவே ஓடியது. ஒரே என்ஜினில் பறக்கக்கூடிய விமானம்தான் அது. ஆனால் கேப்டனின் கை, நல்ல என்ஜினின் லீவரைப் பின்னுக்கு இழுத்தது. பிறகு அந்த என்ஜினை அணைத்தும் விட்டார்கள். எச்சரிக்கை ஒலித்து ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் விமானம் கீலுங் ஆற்றில் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள்.

அந்தக் கேப்டன் 72-500 ரகத்திலிருந்து 72-600க்கு மாறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. என்ஜின் பழுதைக் கையாள்வதில் அவருக்கு இருந்த தடுமாற்றம் பயிற்சிப் பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. எழுதிவைத்தவர்கள் அதைச் சரிசெய்யவில்லை.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நம்மவர்கள் போய்வருவது பெரும்பாலும் இதே ஏடிஆர் 72 குடும்ப விமானங்களில்தான். குறுகிய ஓடுபாதைகளுக்கும் குறைந்த தூரத்துக்கும் ஏற்ற, எரிபொருள் சிக்கனமான, நம்பகமான விமானம். ஆனால் ஓட்டுபவரிடம் அது நிறையக் கேட்கும். ஒரு பக்க என்ஜின் நின்றால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். காலால் ரடரை மிதித்து நேராக்க வேண்டும். ஜெட் விமானங்களைவிடத் தாழ்வாகப் பறப்பதால் மேகத்திலும் பனிப்படிவிலும் அதிக நேரம் இருக்க நேரும். பனி படிந்த இறக்கைக்குக் கூடுதல் வேகம் தேவை. இதேபோன்ற இன்னொரு புரொப்பெல்லர் விமானமான 'கியூ400'க்கு உடல் நீளம்; இறங்கும்போது பழைய விமானத்தின் வழக்கப்படி மூக்கை அதிகம் தூக்கினால் வால் தரையில் இடிக்கும். என்ஜின் விசையைக் கொண்டுதான் இறக்கத்தை மென்மையாக்க வேண்டும்.

இத்தகைய விமானத்துக்குப் புதிதாக மாறுபவர் படிக்க வேண்டிய முதல் பாடம் அவசரப்படாமை. புறப்பட்டவுடன் என்ஜின் பழுதானால், விமானத்தை நேராகவும் சரியான வேகத்திலும் பிடித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. எந்தக் கால் மிதிக்காமல் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க என்ஜின்தான் செத்தது என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். அதைக் கருவிகளோடு ஒப்பிட்டு, இருவரும் வாய்விட்டு உறுதிசெய்த பிறகே லீவரில் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது, பார்க்காமல் எதையும் தொடாமை. 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 விழுந்து 72 பேரும் இறந்தனர். அந்தப் புதிய விமான நிலையம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பயிற்றுநர் கேப்டன் ஒருவர், இன்னொரு கேப்டனுக்கு அந்த இடத்தைப் பழக்கிக்கொண்டிருந்தார். ஃபிளாப் லீவரை நகர்த்த வேண்டிய நேரத்தில், அதற்குப் பதிலாக அருகிலிருந்த, புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தும் இரண்டு கண்டிஷன் லீவர்களும் நகர்த்தப்பட்டன. இரண்டு புரொப்பெல்லர்களும் ஃபெதராகின. என்ஜின்கள் ஓடின, இழுவிசை இல்லை. லீவரைக் கண்ணால் பார்த்து, பெயரைச் சொல்லி, நகர்த்தியபின் அதன் விளைவைக் கருவியில் சரிபார்க்கும் பழக்கம் இதற்காகத்தான். நிற்கும் விமானத்தின் காக்பிட்டில் உட்கார்ந்து, கைக்கு முன் கண் தானாகப் போகும்வரை இதைப் பழகலாம். செலவே இல்லாத பயிற்சி.

மூன்றாவது, திடுக்கிடும் கணத்துக்கு உடம்பைப் பழக்குவது. 2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 எண் கியூ400 விமானம் விழுந்தது. தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் பலியானார்கள். அதற்கு முன் சாப் 340 விமானம் ஓட்டிவந்த கேப்டனுக்கு கியூ400இல் சுமார் 110 மணி நேர அனுபவமே இருந்தது. வேகம் குறைந்து, எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டு ஸ்டிக் அதிர்ந்தபோது அதை முன்னே தள்ள வேண்டியவர் பின்னே இழுத்தார். அன்று இரு விமானிகளும் சரியாகத் தூங்கியிருக்கவில்லை என்பதையும் விசாரணை பதிவு செய்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2010இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு கட்டாயமானது. ஓய்வு விதிகள் இறுகின. தேர்வில் தவறிய விவரங்களை மறைக்க முடியாதபடி விமானிகளின் பதிவேட்டுத் தொகுப்பு உருவானது. இறக்கை தூக்குவிசையை இழக்கும் 'ஸ்டால்' நிலையிலிருந்து மீளும் பயிற்சி சிமுலேட்டரில் கட்டாயமாயிற்று.

இந்தியாவிலும் விமானிகளுக்கு இத்தகைய உரிமைகள் உண்டு. 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் திருத்திய விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. களைப்பைப் பற்றி விமானி புகார் கொடுத்தால் தண்டிக்கக் கூடாது, பெயரை வெளியிடக் கூடாது என்றும் சொல்கின்றன. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பலரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பயத்தைப் போக்குவது நிறுவனங்களின் கடமை.

புதிய விமானத்துக்கு மாறும் இளைஞர்களே, ஒரு பாடம் பிடிபடவில்லை என்றால் இன்னொரு சிமுலேட்டர் வகுப்பு கேளுங்கள். தூக்கம் போதவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். பயிற்றுநர்களே, பதிவேட்டில் தடுமாற்றம் என்று எழுதினால், அது தீரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.