ஒரு பிள்ளைக்கு ஒரு கதை

நம் சபையின் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்காக நாங்கள் தமிழில் கதை எழுதத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. புத்தகம் ஒன்றும் இன்னும் அச்சேறவில்லை. அப்படியானால் முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பது?

இதே பிரித்தானியாவில், 1893இல், பீட்ரிக்ஸ் பாட்டர் நோயுற்றிருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்குப் படங்களோடு ஒரு கடிதம் எழுதினார். அதுதான் பீட்டர் முயலின் கதை. பதிப்பகத்தார் மறுத்தபோது, 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டே ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது.

ஒரு பிள்ளையின் முகத்தை நினைத்து எழுதினால் வாக்கியம் தானாகவே எளிதாகிறது. வீட்டில் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் பிள்ளை, "பிறகு என்ன நடந்தது?" என்று தமிழில் கேட்டால், அதுவே எங்கள் அளவுகோல்.

இளையோரே, உங்கள் தம்பி தங்கைக்கும் ஒரு கதை எழுதுங்களேன்!