மேல்நோக்கிப் பாயும் மின்னல்

இடி மேகத்தினின்றும் மின்னல் பூமியின்மீது விழுவதையே நாம் கண்டிருக்கிறோம். அம்மேகத்தின் உச்சியிலிருந்து ஆகாயத்தை நோக்கியும் மின்சாரம் பாய்வதுண்டு என்றால், நேயர்களிற் சிலர் நகைக்கக் கூடும். ஆனால் இது பிரத்தியக்ஷமாய்க் காணப்பட்டதோ நமது வங்காள விரிகுடாவின் மேலேயாகும்.

2015-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், டென்மார்க் தேசத்து ஆந்திரேயாஸ் மோகன்சன், சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து இவ்விரிகுடாவின் மீது சென்ற இடி மேகமொன்றைப் படம் பிடித்தார். 160 விநாடிகளில் 245 நீல ஒளிகள் மேகத்தின் சிரத்தில் வெட்டின. ஒரு நீலச் சுடர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் உயரம் வரை எழும்பிற்று.

காரணம் யாது? மேகத்தினுள் பனித்துகள்களும் ஆலங்கட்டிகளும் ஓயாது மோதுவதால் மேற்பகுதியில் நேர் மின்சாரமும், அதன் கீழே எதிர் மின்சாரமும் திரளுகின்றன. உச்சிக்கு வெளியே எதிர் மின்சாரம் ஒரு போர்வைபோற் படர்கிறது. இவ்விரண்டின் இழுப்பைக் காற்று தாங்க இயலாதபோது மின்சாரம் மேலே பீறிடுகிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் அதனை நீலமாக ஒளிரச் செய்கிறது. கண்ணிமைக்கும் பொழுதில் மறைவதாலும், மேகமே திரையாக நிற்பதாலும் கீழிருப்போர்க்கு இது புலப்படுவது அரிது.

மேகத்துக்கு மேலே இத்தகைய பாய்ச்சல் நிகழக்கூடுமென்று ஸ்காட்லாந்து விஞ்ஞானி சி. டி. ஆர். வில்ஸன் 1920-களிலேயே ஊகித்தார். விமானிகள் கண்டு கூறியதையோ பலர் நம்பவில்லை. 1989-ல் அமெரிக்காவில் மேகத்தின் மேல் எழுந்த ஒளியொன்று படத்தில் அகப்பட்ட பின்னரே ஐயம் நீங்கிற்று.

நம்மவர் வாளா இருந்துவிடவில்லை. உதகமண்டலத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் 2014-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி வந்த ஒரு மேகத்தில் 130 கோடி வோல்ட் அழுத்தம் இருந்ததென்று, வானிலிருந்து விழும் மியூவான் துகள்களைக் கொண்டு கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டனர்.

எனினும் நமது கடலின் அதிசயத்தை அயலார் காட்டித்தான் நாம் அறிய வேண்டுமா? இடையஞ்சாவடியின் செம்மண் மேட்டிலும் மரக்காணத்து உப்பளங்களிலும் நின்று, கீழ்வானத்தில் தொலைவில் மின்னும் மேகங்களைக் காண்போர் எத்தனையோ பேர். அவ்வூர்ப் பள்ளி மாணாக்கர் கையில் ஒரு காமிராவையும் நாட்குறிப்பையும் கொடுப்பது பெருஞ் செலவன்று.

இன்னொன்றும் கூறுவோம். மேலே பாயும் மின்னல் எவரையும் வருத்துவதில்லை. கீழே விழுவதோ உயிரைக் குடிப்பது. மரமுமின்றி மறைவுமின்றிக் கிடக்கும் பாத்தி வெளியில், ஆளே உயர்ந்த பொருள். அங்கே இடி முழங்கும்போது ஓடி ஒதுங்க இடிதாங்கியுடன் கூடிய கட்டிடம் வேண்டும். வானத்தை ஆராயும் அறிவு உப்பளத் தொழிலாளியின் தலையைக் காக்கவும் உதவினாலன்றோ அவ்வறிவு நமதாகும்?