புதிய பூமி மண்ணிலா, மனத்திலா?

துன்பம் இல்லாத உலகம் ஒன்று வரும்! அங்கே சாவு இருக்காது, அழுகையும் இருக்காது. இது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. பைபிளின் கடைசிப் புத்தகமான 'வெளிப்படுத்தின விசேஷம்' அதைப் "புதிய பூமி" என்கிறது.

அது எந்தப் பூமி? நாம் மிதித்து நடக்கும் இந்த மண்ணா? அல்லது, ஆன்மா அடையும் இன்பத்தை அப்படி உவமையாகச் சொன்னார்களா? இந்த வழக்கு இன்று நேற்றுத் தொடங்கியது அல்ல.

ரத்தம் சிந்திய மண்

இன்றைய பிரான்சு நாட்டில் லியோன் என்ற நகரம் இருக்கிறது. 177-ம் ஆண்டில் அங்கே கிறிஸ்தவர்கள் பலர் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார்கள். அதன்பின் இரேனியஸ் என்பவர் அங்கே பிஷப் ஆனார்.

"எந்த உலகில் பாடுபட்டார்களோ, அதே உலகில்தான் பலன் கிடைக்கவேண்டும். அதுவே நியாயம்" என்பது அவர் வாதம். அந்த நாளில் ஒரு திராட்சைக் கொடியில் 10 ஆயிரம் கிளைகள் இருக்குமாம்! பெரியவர்கள் சொன்ன இந்தச் செய்தியையும் அவர் எழுதி வைத்தார்.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்த ஒரிஜன் இதை ஏற்கவில்லை. இவர் 3-ம் நூற்றாண்டின் பேரறிஞர். "தின்பதும் குடிப்பதுமா பேரின்பம்? அங்கே கிடைக்கும் உணவு ஞானம்தான்" என்பது இவர் கருத்து.

புனித அகஸ்டின் (354-430) என்ன சொன்னார்? கிறிஸ்து 1,000 ஆண்டு அரசாள்வார் என்பதை, திருச்சபை நடக்கும் இந்தக் காலம் என்றே அவர் விளக்கினார். ஆனால் உலகம் இல்லாமலே போய்விடும் என்று அவரும் சொல்லவில்லை. பழைய உருவம் போய்ப் புதிய உருவம் வரும் என்றார்!

அறுக்காத வயல்

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி இருந்தார். பைபிளை வைத்துக் கணக்குப் போட்டு, கிறிஸ்து வரப்போகிறார், நெருப்பால் பூமி சுத்தமாகிப் புதிதாகும் என்று பிரசாரம் செய்தார். முடிவில் அவரைச் சேர்ந்தவர்கள் நாளும் குறித்துவிட்டார்கள். 1844-ம் ஆண்டு அக்டோபர் 22!

பழைய பூமிதான் போகப்போகிறதே என்று சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் விட்டார்கள். இரவு முழுவதும் காத்திருந்தார்கள். பொழுது விடிந்தது. அதே வயல், அதே பயிர். பலர் கதறி அழுதார்கள்.

கையில் உள்ள வேலை

வழக்கு இன்னும் தீரவில்லை. யெகோவாவின் சாட்சிகள், இந்தப் பூமியே சொர்க்கச் சோலை ஆகும் என்கிறார்கள். இறந்தபின் ஆன்மா சேரும் இடத்தையே நினைப்பவர்களும் உண்டு.

1965-ம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையின் 2-ம் வத்திக்கான் சங்கம் ஒன்றைத் தெளிவாக்கியது. புதிய பூமி வரும் என்ற நம்பிக்கை, இந்தப் பூமியின்மேல் உள்ள அக்கறையைக் குறைக்கக்கூடாது; வளர்க்கவேண்டும்!

மண்ணோ, மனமோ, வரப்போவது எதுவானாலும் சரி. விளைந்த பயிரை அறுக்கத்தான் வேண்டும். பசித்தவன் இருப்பது இந்தப் பூமியில் அல்லவா?