வாசலில் பூச்செடி விற்போர் கவனத்துக்கு

மளிகைக் கடை வாசலில் பத்துப் பூச்செடிகளை வரிசையாக வைத்து விற்பது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பருப்பு வாங்க வந்தவர் ஒரு ரோஜாச் செடியையும் தூக்கிக்கொண்டு போகிறார். நமக்கும் கூடுதலாக ஒரு வரும்படி. ஆனால் பதினைந்தே நாளில் அதே வாடிக்கையாளர் வந்து, "அண்ணாச்சி, நீங்க கொடுத்த செடி பட்டுப்போச்சே!" என்று சொன்னால் நமக்குச் சங்கடம்தான். செடியின் விலை பெரிதல்ல. இந்தக் கடைச் சரக்கு சரியில்லை என்ற எண்ணம் நாளை பருப்புக்கும் தொற்றிக்கொள்ளும்.

செடி உயிருள்ள சரக்கு. அதன் குணத்தை நாம் அறிந்து, விற்கும்போதே இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினால் பெரும்பாலான புகார்கள் எழவே எழா.

வந்து இறங்கியதும்

நமக்கு வரும் அலங்காரச் செடிகளில் பல, ஆந்திர மாநிலம் ராஜமுந்திரிக்கு அருகிலுள்ள கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை. நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடியை இறக்கியவுடன் சித்திரை வெயிலில் வைத்தால் இலை கருகிவிடும். முதல் நாலைந்து நாள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயிலை மட்டும் காட்டி, அதன் பின்னரே முழு வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். பையின் அடியில் துளை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். தண்ணீர் இல்லாமல் சாகும் தொட்டிச் செடிகளைவிட, அதிகம் ஊற்றிச் சாகடிக்கப்படுபவை குறைவல்ல.

செடியும் குணமும்

ரோஜாவுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேர வெயிலாவது வேண்டும். நாம் விற்பவை பெரும்பாலும் ஒட்டுச் செடிகள். ஒட்டுக்குக் கீழே காட்டுச் செடியின் தளிர் கிளம்பினால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் அது சத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு வளர, மேலே உள்ள நல்ல ரோஜா மெலிந்துவிடும். "முதலில் பூத்தது, இப்போது பூக்கவில்லை" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

இட்லிப் பூ நம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. சற்றுப் புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். உப்புத் தண்ணீர் ஊற்றினாலோ, சுண்ணாம்பு ஊறும் சுவரோரம் வைத்தாலோ, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகிவிடும். மட்கிய தொழு உரம் கலந்த மண்ணும் மழைநீரும் இதற்கு நல்லவை.

செவ்வந்தி, இரவு நீளும் காலத்தில் மொட்டு விடும் செடி. தெருவிளக்கு வெளிச்சம் இரவெல்லாம் விழும் இடத்தில் வைத்தால் தழைக்குமே தவிரப் பூக்கத் தாமதிக்கும். பூத்து ஓய்ந்ததும் செத்துவிட்டதாக நினைத்து எறிந்துவிடுகிறார்கள். தண்டை வெட்டிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். இதைச் சொல்லி அனுப்புவது நம் பொறுப்பு.

பத்து மணிப் பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வெயில் ஏறினால் மலரும், பிற்பகலில் சுருங்கும். சதைப்பற்றான இலையிலேயே நீரைச் சேமித்துக்கொள்வதால் தினமும் ஊற்றினால் அழுகும். ஒரு துண்டுத் தண்டை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். செடி வளர்த்துப் பழக்கமில்லாதவருக்கு முதலில் இதையே கொடுக்கலாம்.

குரோட்டன்ஸ் நிறத்துக்காக வாங்கப்படுவது. அந்த நிறம் வெளிச்சத்தைப் பொறுத்தது. இருட்டு அறையில் வைத்தால் புதிய இலைகள் வெறும் பச்சையாக வரும். இடம் மாற்றியதும் சில இலைகள் உதிர்வது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வெளிச்சம் குறைந்த வீட்டுக்கு மணி பிளான்ட் ஏற்றது.

எச்சரிக்கை

அரளியின் இலை, பூ, விதை, வேர் அனைத்தும் நஞ்சு. இதயத்துடிப்பையே நிறுத்தக்கூடியது. மஞ்சள் அரளி விதையும் அப்படியே. கேரளத்தில் அரளி இலையை மென்றதால் ஓர் இளம்பெண் இறந்தார் என்ற சந்தேகம் எழுந்ததை அடுத்து, திருவிதாங்கூர் தேவசம் போர்டு 2024 மே மாதத்தில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்தியது. உணவுப் பொருள் விற்கும் நமக்கு இது பெரிய பாடம். கறிவேப்பிலை, கீரைக் கட்டுகளுக்கு அருகில் அரளித் தொட்டியை வைக்கவே கூடாது. குழந்தையுள்ள வீட்டார் கேட்டால் விஷயத்தைச் சொல்லிவிட்டே விற்க வேண்டும். மணி பிளான்ட் இலையை மென்றாலும் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.

செடிக்குப் பூச்சி மருந்து கேட்பவர்கள் உண்டு. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பயிர் மருந்து விற்க உரிமம் வேண்டும். அரிசி, பருப்பு இருக்கும் கடையில் அதை வைப்பதும் ஆபத்து. "உரிமம் உள்ள கடையில் வாங்குங்கள்" என்று சொல்லிவிடுவதே மரியாதை. வேர்ச்செடிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு. எனவே பில்லில் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

முடிவாக

ஒவ்வொரு செடிக்கும் ஒரு துண்டு அட்டை கட்டி, 'முழு வெயில்' அல்லது 'அரை நிழல்', 'தினமும் தண்ணீர்' அல்லது 'மண் காய்ந்தபின்' என்று எழுதி வைப்போம். செலவு சில காசுகளே. செடி பிழைத்துப் பூத்தால், அந்த வீட்டார் ஒவ்வொரு பூவிலும் நம் கடையை நினைப்பார்கள். அதைவிடச் சிறந்த விளம்பரம் நமக்கு வேறில்லை.